மகாகனம் சாஸ்திரியாரின் சொற்பொழிவுகள்: ஒரு மறுஅச்சுப் பிரதியின் மதிப்புரை

வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலச் சொற்பொழிவுகள் அடங்கிய பழைய தொகுப்பொன்றின் மறுஅச்சுப் பிரதியைச் சென்ற மாதம் இணையத்தில் பணம் கட்டி வரவழைத்தேன். பழைய நூலகப் பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் மட்டும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்கள் இப்போது பல உள்ளன. அவற்றில் ஒன்றிலிருந்து வந்தது இது. விலை 895 ரூபாய், தபால் செலவு தனி. வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அச்சுக்கும் கட்டுமானத்துக்கும் ஐந்தில் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன், அதிலும் ஒன்று கருணையால் வந்தது. உள்ளே இருக்கும் பேச்சுகளுக்கு நட்சத்திரம் போடுவது அபத்தம் என்பதால், அவற்றைப் பற்றி எழுதவே இந்த மதிப்புரை இவ்வளவு நீள்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் பனிமலையும் ஏரியும் உள்ள ஒரு படம். நூலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நிறுவனம் எல்லா நூல்களுக்கும் அதே ஏரியைத்தான் போடுகிறது போலும். ஆசிரியர் பெயரில் முன்னெழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. தாள் நல்ல வெண்மையாக இருப்பதால் பழைய அச்சின் மங்கல் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. பல பக்கங்கள் சாய்ந்து நிற்கின்றன. வலப்பக்க ஓரம் வெட்டுப்பட்டு, வரியின் கடைசி எழுத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. ஓரிடத்தில் ஸ்கேன் செய்தவரின் பெருவிரல் நகத்தோடு அப்படியே பதிவாகி இரண்டு வரிகளை மறைத்திருக்கிறது. கென்யா பற்றிய பேச்சில் ஒரு தாளின் இரு பக்கமும் இல்லை. அதற்குப் பதிலாக முந்தைய தாள் மறுபடியும் வருகிறது. நிறுவனத்துக்கு எழுதினேன். நூலைத் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தந்துவிடுவதாகவும், வேறு பிரதி அச்சிட்டாலும் அதே குறை இருக்கும் என்றும் பதில் வந்தது. இரண்டாவது வாக்கியத்தின் நேர்மைக்காகத்தான் அந்தக் கருணை நட்சத்திரம்.

திருப்பி அனுப்பவில்லை. காரணம், நான் முதலில் புரட்டிய பக்கம் 1919 பிப்ரவரியில் டில்லியில் கூடிய வைஸ்ராயின் சட்டசபையில் ரௌலட் மசோதாவின்மீது சாஸ்திரியார் பேசிய பேச்சில் போய் நின்றது. வாசலில் நின்றபடியே அதை முழுக்கப் படித்தேன்.

இந்தப் பெயரை இன்றைய வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சில விவரங்கள். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869-இல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1904-இல் அதே திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையின் மூலவர்களுள் அவரும் ஒருவர். கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இல் சேர்ந்து, 1915-இல் கோகலே காலமானபின் அதன் தலைவரானார். 1921-இல் பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலில் உறுப்பினரானதால் அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஆங்கிலப் பட்டத்தை நம் பத்திரிகைகள் ‘மகாகனம்’ என்று தமிழாக்கின. அந்தச் சொல்லில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது பத்திரிகைக்குப் பத்திரிகை வேறுபட்டது.

அவருடைய அரசியலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் மிதவாதம். லிபரல் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த இந்தப் பெயர்ப்பு அவருக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டது என்பதே தொகுப்பைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது. மிதம் என்றதும் பாதி உறுதி, பாதி தயக்கம் என்ற படம் மனத்தில் எழுகிறது. ரௌலட் பேச்சைப் படித்தவர் எவரும் அதை மிதமான பேச்சு என்று சொல்ல மாட்டார். அதில் மிதமாக இருப்பது குரல் மட்டுமே.

மசோதா என்ன செய்யவந்தது என்பதை நினைவுகூர்ந்தால்தான் பேச்சின் கூர்மை புரியும். முதல் உலகப் போரின்போது 1915-இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தின் விசேஷ அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் கையில் வைத்துக்கொள்ள அரசாங்கம் விரும்பியது. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்கலாம். தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே, சந்தேகத்தின்பேரில் ஒருவரை ஓரிடத்தில் அடைத்து வைக்கலாம். இதற்கு அரசாங்கம் சொன்ன சமாதானம், எந்த நூற்றாண்டிலும் எந்த அரசாங்கமும் சொல்லும் சமாதானந்தான்: இது கெட்டவர்களுக்காக வரும் சட்டம், நல்லவர்கள் ஏன் அஞ்ச வேண்டும்?

இதற்குச் சாஸ்திரியார் தந்த பதிலே இந்தத் தொகுப்பின் உச்சம் என்பேன். கெட்ட சட்டம் ஒன்று நிறைவேறிவிட்டால் அது எப்போதும் கெட்டவர்கள்மேல் மட்டும் பாயாது என்கிறார். பீதி பிடித்த காலத்தில் அரசாங்கங்கள் நிதானம் இழப்பதைத் தாம் கண்டிருப்பதாகவும், நாட்டின் மிக உயர்ந்த மனிதர்களே சந்தேகத்துக்கு ஆளாகி ரகசியப் போலீஸ் எந்த நேரம் வருமோ என்று அஞ்சி வாழ்ந்ததைத் தாம் அறிந்திருப்பதாகவும் தொடர்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, ஆங்கிலேயர் கெட்டவர்கள் என்று அவர் வாதிடவே இல்லை. யார் கையில் இருந்தாலும் கேள்விமுறையற்ற அதிகாரம் கெடும் என்பதே அவர் வாதம்; அந்நிய அரசாங்கத்துக்குப் பீதி சற்று விரைவாக வரும் என்பது அதன்மேல் வைத்த கூடுதல் கனம். ஆள்பவரின் குணத்தை நம்பி எழுதப்படும் சட்டம் சட்டமே ஆகாது என்ற இந்தக் கருத்தை, ஆள்பவரின் முகத்துக்கு நேராக, வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வேண்டுகோள் வீணாகி மசோதா நிறைவேறுமானால், வெளியே நடக்கும் கிளர்ச்சியில் சேராதவர் இங்கே யாரும் தம் கடமையைச் செய்தவர் ஆகமாட்டார் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

அன்று பார்வையாளராகக் காந்தி அங்கே இருந்தார். தம் வாழ்நாளில் சட்டசபை நடவடிக்கைகளைத் தாம் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்றும், வைஸ்ராய் கண்கொட்டாமல் சாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று நம் பாட்டிமார் சொல்வதை ஒத்த ஒரு வாக்கியமும் அங்கே வருகிறது. இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி, 1919 மார்ச்சில் அதிகாரிகளின் வாக்குப் பலத்தால் சட்டம் நிறைவேறியது.

தொகுப்பின் அடுத்த பக்கங்களில் இதன் தொடர்ச்சியைத் தேடினேன். இந்த மனிதரிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் நிறைவேறியதும் மாளவியாவும் ஜின்னாவும் மஸருல் ஹக்கும் சட்டசபையிலிருந்து விலகினார்கள். சாஸ்திரியார் விலகவில்லை. காந்தி சத்தியாக்கிரகம் அறிவித்தபோது அதற்கு எதிரான லிபரல்களின் அறிக்கையில் கையெழுத்தும் போட்டார். கிளர்ச்சியில் சேராதவர் கடமை தவறியவர் என்று பிப்ரவரியில் சொன்னவர் மார்ச்சில் எங்கே போனார் என்ற கேள்வியை எந்த வாசகரும் கேட்பார். அவருடைய தரப்பில் ஒரு பதில் இருக்கிறது. அது பலவீனமான பதிலும் அன்று. ஒரு சட்டம் அநியாயமானது என்பதற்காக வேறு சட்டங்களையும் மீறுவது என்று தொடங்கினால், நாளை சுயராஜ்யம் வந்தபிறகு நம் சொந்தச் சட்டங்களுக்கு மக்களிடம் என்ன மதிப்பு மிஞ்சும் என்பது லிபரல்களின் கவலை. சட்டத்துக்கு அஞ்சாத குடிமகனைவிட, சட்டத்தைத் தன்னுடையது என்று கருதும் குடிமகனை உருவாக்குவது கடினம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கவலை பொய்யாகிவிட்டது என்று இன்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஆயினும் ஏப்ரல் 13-இல் அமிர்தசரஸில் நடந்ததற்குப் பிறகு அந்தப் பதிலைப் படிப்பது கடினமாகவே இருக்கிறது.

தொகுப்பின் நடுப்பகுதி பேரரசின் பிற நாடுகளில் வாழ்ந்த இந்தியரின் உரிமை பற்றியது. சிறிது அலுப்புத் தட்டும் பகுதி. ஒரே வாதம் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மேடைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்த வாதத்தின் அமைப்பு அழகானது: சமத்துவம் என்ற சொல்லை நீங்களே உச்சரித்திருக்கிறீர்கள், ஆகையால் அதற்குரிய விலையைக் கொடுங்கள் என்று கடன் சீட்டை நீட்டுவதுபோல நீட்டுகிறார். 1921-இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் முறைப்படி குடியிருக்கும் இந்தியரின் குடியுரிமையை ஏற்கும் தீர்மானத்தை அவர் நிறைவேற்றச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒதுங்கி நின்றது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றிப் பேசினார். அங்கே குடியிருந்த இந்தியருக்கு ஆஸ்திரேலியா 1925-இல் கூட்டரசுத் தேர்தல்களில் வாக்குரிமை அளித்தது. பேச்சினால் ஒன்றும் நடக்காது என்பவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

பேச்சினால் நடக்காததற்கும் தொகுப்பிலேயே சாட்சி இருக்கிறது. 1923 ஜூலையில் வெளியான கென்யா வெள்ளை அறிக்கை, வளமான மேட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கியது. சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் வெள்ளையருக்கு 11 இடங்கள், எண்ணிக்கையில் அவர்களைவிட இருமடங்குக்கு மேலிருந்த இந்தியருக்கு 5 இடங்கள். அதுவும் தனித் தொகுதி முறையில். பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை என்பது அந்தக் கணக்கில் யாருக்கும் உறுத்தவில்லை. சாஸ்திரியாரின் பேச்சிலும் அது உறுத்த வேண்டிய அளவு உறுத்தக் காணோம். பிற இடங்களில் நீண்ட வாக்கியங்களில் படியேறிப் படியிறங்கி வருபவர் இந்தப் பேச்சில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறார். நம்பிக்கை வைத்த இடத்தில் கை சுட்டுக்கொண்டவரின் குரல் அது. தாள் காணாமற்போனது இந்தப் பேச்சிலா இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தின்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பொதுவாழ்வைப் பற்றிய அவருடைய கருத்துகள் எந்த ஒரு பேச்சிலும் தலைப்பிட்டு வரவில்லை. எல்லாப் பேச்சிலும் தூவிக் கிடக்கின்றன. அவற்றின் ஊற்று கோகலேயின் சங்கத்தில் இருக்கிறது. சேரும்போது உறுப்பினர்கள் ஏழு உறுதிமொழிகள் எடுத்துக்கொண்டார்கள். நாட்டுப் பணியில் சொந்த ஆதாயம் தேடமாட்டேன், எனக்கென்று பணம் சம்பாதிப்பதில் என் சக்தியைச் செலவிடமாட்டேன் என்பவை அவற்றுள் சில. இவற்றை நம் அரசியல்வாதிகள் மேடையிலாவது இன்னும் சொல்கிறார்கள். இன்னொன்று, எவரோடும் சொந்தச் சண்டையில் ஈடுபடமாட்டேன் என்பது. இதை மேடையில்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாஸ்திரியாரின் பேச்சுகளில் எதிராளியின் வாதத்தை அந்த எதிராளியே சொல்லியிருப்பதைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. முதலில் இதை வாதத்திறமை என்று நினைத்தேன். பத்துப் பேச்சுகளுக்குப் பிறகு, அந்த உறுதிமொழியை அவர் நாள்தோறும் கடைப்பிடித்த விதமே இது என்று புரிந்தது.

காந்தியோடு அவருக்கிருந்த உறவும் அதற்குச் சான்று. காந்தியின் ஒத்துழையாமையையும் சட்ட மறுப்பையும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தும் இருவரும் சகோதரர் என்றே ஒருவரையொருவர் விளித்துக் கடிதம் எழுதினார்கள். 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் ஏற்படச் சாப்ருவோடும் ஜயகரோடும் சேர்ந்து நடுவில் நின்று பாடுபட்டவர் அவர். 1946-இல் சென்னை மருத்துவமனையில் மரணப்படுக்கையில் இருந்தவரைக் காந்தி தேடிவந்து பார்த்தார். இவையெல்லாம் தொகுப்பின் காலத்துக்குப் பிந்தியவை. தொகுப்பு 1920-களின் முதற்பாதியோடு நின்றுவிடுகிறது. ஆகையால் 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்து, டர்பனில் அவர் பெயராலேயே கல்லூரி ஒன்று எழக் காரணமான காலத்துப் பேச்சுகளும் இதில் இல்லை. விற்பனைப் பக்கத்தில் இந்த விவரத்தைக் குறிப்பிடாதது பெருங்குறை. முழுத் தொகுப்பு என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவார்கள்.

தமிழ் வாசகராக எனக்கு இன்னொரு நெருடலும் உண்டு. இந்த நூலில் உள்ள அத்தனை பேச்சும் ஆங்கிலத்தில், ஆங்கிலம் அறிந்த அவைகளை நோக்கிப் பேசப்பட்டவை. சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த ஒருவர் வலங்கைமானின் குடியானவருக்குப் புரியும்படி அதைச் சொல்ல வேண்டும் என்று எங்கும் தவிக்கவில்லை. லிபரல்கள் தேர்தல்களில் கரைந்துபோனதற்குப் பேரரசின் துரோகம் பாதிக் காரணமென்றால், இது மறுபாதி. பிற்காலத்தில், 1940-இல், சென்னை அரசாங்கம் அமைத்த கலைச்சொல் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது வடமொழிச் சார்பு பற்றித் தமிழறிஞர்களின் கடும் எதிர்ப்பை அவர் சந்திக்க நேர்ந்தது. அந்தச் சர்ச்சையில் நான் தமிழறிஞர்கள் பக்கம். ஆனால் அந்த ஒன்றை வைத்து இவரை மூடிவைத்துவிட்டோம் என்றால் ரௌலட் பேச்சை இழந்தது நாம்தான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ஊரில் பழைய நூலகம் இருந்து, அங்கே மூலப் பதிப்பு கிடைக்குமானால் அதையே படியுங்கள், தாள் பழுப்பாக இருந்தாலும் எழுத்து தெளிவாக இருக்கும். அந்த வசதி இல்லாதவர்கள், பெருவிரலைப் பொறுத்துக்கொள்ளும் மனம் இருந்தால் வாங்கலாம். பரிசளிக்க வாங்காதீர்கள். கண் மங்கியவர்களுக்கு இது அறவே ஆகாது. அகரவரிசையும் இல்லை, பேச்சுகளின் சூழலை விளக்கும் குறிப்பும் இல்லை. வரலாறு ஓரளவு தெரிந்தவர்களே பின்தொடர முடியும். தமிழில் நல்ல மொழிபெயர்ப்பு ஒன்று வந்தால் இந்த ஏரி அட்டைப் பிரதியைத் தயங்காமல் கைவிட்டுவிடுவேன்.

என் பிரதியில் இப்போது தாள் குறை இல்லை. நூலகம் ஒன்றில் மூலப் பதிப்பைக் கண்டுபிடித்து, காணாமற்போன கென்யா பக்கங்கள் இரண்டையும் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து கையால் பெயர்த்தெழுதிவந்து, திரும்ப வந்திருந்த தாளின்மேல் ஒட்டிவிட்டேன். பெருவிரலுக்கு அடியில் இருந்த இரண்டு வரிகளை மட்டும் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.